சின்ன விளையாட்டு உடை பிராண்டுக்கு ரசிகர்களைச் சேர்ப்பது எப்படி? சிங்கப்பூரில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் வந்து இதே கேள்வியைக் கேட்கிறார்கள். "அக்கா, லோகோ ரெடி. முந்நூறு டீ-ஷர்ட் வீட்டுக்கு வந்தாச்சு. இனி இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு எவ்வளவு போடணும்?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வரும் சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு நீங்கள் எங்கே இருப்பீர்கள்? பெரும்பாலானவர்களிடம் அதற்குப் பதில் இருக்காது. அந்தப் பதில் கிடைக்கும்வரை விளம்பரத்துக்கு ஒரு வெள்ளிகூடப் போட வேண்டாம் என்பேன்.

நானும் என் நாத்தனாரும் பிடோக்கில் எங்கள் வீட்டு ஹாலில் இந்தத் தொழிலைத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. பெண்கள் நடக்கும்போதும் ஓடும்போதும் போடுகிற டீ-ஷர்ட், டைட்ஸ், அவ்வளவுதான் எங்கள் சரக்கு. முதல் வருடம் ஓர் ஓட்டப் போட்டியில் கடை போட்டு 200 டீ-ஷர்ட்டை இலவசமாகக் கொடுத்தோம். கடை வாடகை, துணி, அச்சு எல்லாம் சேர்த்து மூவாயிரம் வெள்ளிக்கு மேல் போனது. வரிசையில் நின்று வாங்கிப் போன அந்த 200 பேரில் ஒருவர்கூட அதன்பின் எங்களிடம் எதுவும் வாங்கவில்லை. அதே வருடக் கடைசியில், கையில் காசில்லாத நேரத்தில், பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றிச் சனிக்கிழமை காலையில் நான்கு பேராக நடக்கத் தொடங்கினோம். இன்று எங்கள் விற்பனையில் பாதிக்கு மேல் அந்த நடைக்கு வருபவர்களாலும் அவர்கள் சொல்லிக் கூட்டிவந்தவர்களாலும் நடக்கிறது. கீழே சொல்வதெல்லாம் அந்த வித்தியாசம் ஏன் என்று புரிந்துகொள்ளப் போன வருடங்களில் கற்றது.

ஒரே ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

"சிங்கப்பூரில் உடற்பயிற்சி செய்யும் எல்லாருக்கும்" என்று எங்காவது எழுதி வைத்திருந்தால் முதலில் அதை அழியுங்கள். எல்லாருக்குமான டீ-ஷர்ட்டைப் பெரிய கம்பெனிகள் உங்களைவிட மலிவாகச் செய்வார்கள். அவர்களே தொடக்கத்தில் அப்படிச் செய்யவில்லை. லுலுலெமன் 1998-ல் கனடாவின் வான்கூவரில் யோகா செய்பவர்களுக்காகத் தொடங்கியது, பகலில் உடை வடிவமைக்கும் இடம், இரவில் அதே இடத்தில் யோகா வகுப்பு. ரஃபா 2004-ல் லண்டனில் சாலை சைக்கிள் ஓட்டுபவர்களை மட்டும் நினைத்துத் தொடங்கியது. அண்டர் ஆர்மரைத் தொடங்கிய கெவின் பிளாங்க், கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். உள்ளே போடும் பருத்தி பனியன் வியர்வையில் ஊறிக் கனக்கிறதே என்ற ஒரே எரிச்சலில் 1996-ல் வேறு துணியில் தைத்து, தன்னோடு ஆடிய நண்பர்களுக்கு அனுப்பிப் போட்டுப் பார்க்கச் சொன்னார்.

நம்மைச் சுற்றிப் பாருங்கள். சமூக மன்ற அரங்கில் வாரம் தவறாமல் பூப்பந்து ஆடும் அண்ணன்மார் இருக்கிறார்கள். கிடைக்கிற ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானம் தேடிப் போகும் வெளிநாட்டு ஊழியர்கள் இருக்கிறார்கள். சிலம்பம் கற்கும் பிள்ளைகளைக் கவனித்தால், கையைத் தூக்கிக் கம்பு சுற்றும்போதெல்லாம் சட்டை மேலே ஏறுவதும் அவர்கள் அதை இழுத்துவிடுவதும் தெரியும். இந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் உடையில் ஏதோ ஒரு சின்னத் தொந்தரவு இருக்கும், யாரும் அதைக் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள்.

அந்தத் தொந்தரவைக் கண்டுபிடிக்க ஆய்வெல்லாம் வேண்டாம். நான்கு வாரம் தொடர்ந்து அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். டீ-ஷர்ட் எடுத்துப் போகாதீர்கள். கூடவே ஆடுங்கள், நடங்கள், பாருங்கள்.

எங்களுக்குக் கிடைத்தது தாலிச் செயின். நடையிலிருந்து மெல்ல ஓட்டத்துக்கு மாறும்போது செயின் குதிக்கும், வியர்வையில் கழுத்தை அறுக்கும். கழற்றி வைத்துவிட்டு வர மனம் வராது. அதனால் பல அக்காமார் ஓர் ஊக்கை எடுத்து டீ-ஷர்ட்டோடு சேர்த்துக் குத்தியிருந்தார்கள். மூன்றாவது வாரம்தான் இது என் கண்ணிலேயே பட்டது, அதுவரை நானும் ஊக்கு குத்திக்கொண்டுதான் நடந்திருக்கிறேன், ஆனால் அதை ஒரு பிரச்சினையாக நினைத்துப் பார்த்ததில்லை. கழுத்துப் பட்டியின் உள்பக்கம் ஒரு சின்னத் துணி வளையம் வைத்துத் தைத்தோம், செயின் அதற்குள் நிற்கும். ஒரு டீ-ஷர்ட்டுக்குக் கூடுதல் செலவு முப்பது காசுக்குள். இன்றுவரை எங்கள் பெயரைச் சொன்னால், "ஓ, அந்தத் தாலி வளையம் வச்ச டீ-ஷர்ட்டா?" என்றுதான் கேட்கிறார்கள். நாங்கள் காசு கொடுத்துப் போட்ட எந்த விளம்பரமும் அந்த அளவுக்குப் போய்ச் சேரவில்லை.

காகித வேலையை ஒரே வாரத்தில் முடியுங்கள்

இதில் அதிக நேரம் நிற்க வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். தொழிலை, தொழில்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் பதிவு செய்ய வேண்டும். வேலை அனுமதியில் இருப்பவர்கள் சொந்தமாகத் தொழில் செய்யலாமா என்று மனிதவள அமைச்சின் விதிகளை முதலில் பார்த்துவிடுங்கள், ஆர்வத்தில் இறங்கிச் சிக்கலில் மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டிலிருந்து செய்தால் அதற்கும் விதிகள் உண்டு, வீட்டைக் கிடங்காக்க முடியாது. லோகோவை அச்சடிக்கும் முன் அதே மாதிரி வேறு யாராவது பதிந்திருக்கிறார்களா என்று அறிவுசார் சொத்து அலுவலகத்தின் இணையப் பதிவேட்டில் தேடுங்கள், தேடுவதற்குக் காசில்லை.

லோகோவுக்குப் பெரிய தொகை கொடுக்க வேண்டுமா என்றும் கேட்பார்கள். நைக்கியின் அந்த வளைந்த கோட்டை 1971-ல் கேரலின் டேவிட்சன் என்ற வடிவமைப்பு மாணவி வரைந்தார், அவருக்கு அப்போது கொடுத்த கூலி 35 அமெரிக்க டாலர். பல வருடம் கழித்துக் கம்பெனி அவருக்குப் பங்குகள் கொடுத்தது. முடிந்தால் நீங்கள் முதலிலேயே நியாயமான கூலி கொடுத்துவிடுங்கள்.

ஒரே இடம், ஒரே நேரம், வாராவாரம்

இதுதான் முக்கியம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பார்க்ரன் தெரியுமா? 2004-ல் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கியது. சனிக்கிழமை காலை, 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது. இன்று பல நாடுகளில் நடக்கிறது, சிங்கப்பூரில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் 2014-ல் தொடங்கினார்கள். ஒருமுறை போய்ப் பாருங்கள், பெரிய மேடை கிடையாது, தொகுப்பாளர் கிடையாது. நாளையும் நேரத்தையும் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, அது அங்கே நடந்துகொண்டே இருக்கும் என்ற நம்பிக்கை ஒன்றே ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

நாங்கள் அதைத்தான் பார்த்துக் கற்றுக்கொண்டோம். பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஒரு சுற்று 4 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நடப்பவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம், ஓடுபவர்கள் இரண்டு சுற்றுப் போகலாம், யாரும் வழி தவற முடியாது. சனிக்கிழமை ஆறே முக்காலுக்குக் கூடி ஏழு மணிக்கு, விடியும் நேரத்தில் கிளம்புவோம். முதல் வாரம் நான்கு பேர், அதில் இரண்டு பேர் நாங்கள். ஐந்தாவது வாரம் நாத்தனாருக்குக் காய்ச்சல், நானும் இன்னொருவரும் மட்டும். அன்றும் நடந்தோம். ஒரு வாரம் விட்டால், அந்த வாரம் புதிதாக வர நினைத்தவர் வந்து பார்த்து ஆளில்லாமல் திரும்பிப் போய்விடுவார், மறுபடி அவரைக் கூப்பிட முடியாது.

நாங்கள் வைத்துக்கொண்ட விதிகள் மூன்று.

கடைசி ஆளுக்குப் பின்னால் எப்போதும் எங்களில் ஒருவர் போவோம். புதிதாக வரும் பெண்களுக்கு இருக்கிற பெரிய பயம், "நான்தான் கடைசியா வருவேன், எல்லாரும் எனக்காகக் காத்திருப்பாங்க" என்பது. அந்தப் பயத்தை வாயால் சொல்லிப் போக்க முடியாது, பின்னால் ஒருவர் சாவகாசமாக நடந்து வந்தால் தானாகப் போய்விடும். எங்களிடம் வருடக்கணக்காக வாங்குகிறவர்களைக் கேட்டால் முதல் நாள் தன்னோடு யார் பின்னால் வந்தார்கள் என்பதைத்தான் சொல்கிறார்கள்.

இரண்டாவது, முடிந்ததும் காப்பிக்கடை. தே ஓ, தே ஹாலியா, பரோட்டா, முக்கால் மணி நேரம். உண்மையான நிகழ்ச்சி அங்கேதான் நடக்கிறது என்று எனக்குத் தோன்றும். பிள்ளைகளின் பிஎஸ்எல்இ தேர்வு, மாமியாரின் முட்டி வலி, வேலையிட வதந்தி எல்லாம் பேசப்படும், அந்தப் பேச்சில்தான் இந்தக் கூட்டம் கூட்டமாகிறது.

மூன்றாவது, அங்கே விற்பதில்லை. டீ-ஷர்ட் பையைக் கூடக் கொண்டுபோவதில்லை. நாங்கள் போட்டிருப்போம், யாராவது கேட்டால் சொல்வோம். முதல் ஏழு வாரம் யாரும் கேட்கவில்லை. நாத்தனார் தளர்ந்துபோனார், நானும்தான். எட்டாவது வாரம் ஒருவர் என் கழுத்துப் பட்டியைத் தொட்டுப் பார்த்து, "இது என்ன உள்ளே?" என்றார். அந்த வாரம் ஐந்து டீ-ஷர்ட் போனது.

மழை, இடி, புகை, அனுமதி

நண்பர்களாகச் சிலர் சேர்ந்து பூங்காவில் நடப்பது ஒன்று. பந்தல், ஒலிபெருக்கி, பதிவுக் கட்டணம் என்று போனால் அது வேறு. பூங்கா என்றால் தேசியப் பூங்காக் கழகத்திடமும், வீவக புளோக்கின் கீழ்த்தளம் போன்ற பொது இடம் என்றால் நகர மன்றத்திடமும் கேட்க வேண்டும். சாலையையோ பெரிய கூட்டத்தையோ நினைத்தால் காவல்துறை அனுமதியும் தேவைப்படலாம். இதற்கு வாரக்கணக்கில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் பாட்டுப் போடுவதற்கும் உரிமம் உண்டு, அதற்கு காம்பஸ் என்ற அமைப்பைக் கேட்க வேண்டும்.

இடியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உலகிலேயே மின்னல் அதிகம் விழும் இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை விடியற்காலையில் திடீரென்று சுமத்ரா காற்று கிளம்பி ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும், அது சரியாக நம் நேரம். முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள்: இடி கேட்டால் நடை கிடையாது, நேராகக் காப்பிக்கடைக்கு வந்துவிடுங்கள். நடை ரத்தானாலும் சந்திப்பு ரத்தாகாது. புகைமூட்டம் வந்தால் காற்றின் மாசைக் காட்டும் பிஎஸ்ஐ எண்ணைப் பார்த்து முடிவெடுங்கள். முதலுதவி கற்ற ஒருவர் எப்போதும் கூட இருக்கட்டும், நான் அதற்கென்றே ஒரு வகுப்புக்குப் போனேன்.

ஒரு நோட்டுப் புத்தகம்

நைக்கி என்ற பெயர் வருவதற்கு முன் அந்தக் கம்பெனியின் பெயர் புளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸ். 1964-ல் தொடங்கியது. ஃபில் நைட் ஓட்டப் போட்டிகள் நடக்கும் மைதானங்களுக்குக் காரில் ஷூக்களை ஏற்றிக்கொண்டு போய், காரின் பின்பக்கத்தைத் திறந்து வைத்து விற்றார். அவருடைய முதல் முழுநேர ஊழியர் ஜெஃப் ஜான்சன் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் அட்டை வைத்திருந்தார். ஷூ அளவு, என்ன பிடிக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்து அவர்களுக்குக் கடிதம் எழுதுவார், போட்டி முடிந்தால் வாழ்த்துவார். பிற்பாடு நைக்கி என்ற பெயரைச் சொன்னதும் அவர்தான். இவ்வளவு பெரிய கம்பெனியின் வேர் ஓர் அட்டைப் பெட்டியில் இருக்கிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் உற்சாகம் தரும்.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். யார் எந்த வாரம் வந்தார், என்ன சைஸ், எது இறுக்குகிறது என்று சொன்னார், இதைத்தான் எழுதுவேன். ஒருவர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதம் கழித்து வந்தால் அந்தத் தேதியையும் குறித்துக்கொள்வேன், அடுத்த வருடம் அதே வாரம் நினைவுபடுத்த. ஆனால் கவனம்: இங்கே தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கேட்டு, சம்மதம் வாங்கி, தேவையானதை மட்டும் எழுதுங்கள். அடையாள அட்டை எண்ணைப் பதிவுப் படிவத்தில் கேட்கும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம், சட்டப்படியோ ஆளைத் துல்லியமாக உறுதிசெய்யவோ கேட்டாக வேண்டிய இடங்கள் தவிர மற்றவற்றில் 2019 செப்டம்பரிலிருந்து அது கூடாது.

படம் எடுப்பதும் அப்படித்தான். எங்கள் கூட்டத்தில் சிலருக்குத் தங்கள் படம் இணையத்தில் வருவது பிடிக்காது, வீட்டில் ஆயிரம் காரணம் இருக்கும். மஞ்சள் ரப்பர் வளையம் கையில் போட்டிருந்தால் அவர் படத்தை எடுக்க மாட்டோம். காரணம் கேட்க மாட்டோம். இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே எங்களை நம்பி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

சும்மா கொடுக்காதீர்கள், சம்பாதிக்க விடுங்கள்

அந்த 200 இலவச டீ-ஷர்ட் ஏன் வேலை செய்யவில்லை என்று ரொம்ப நாள் யோசித்தேன். அப்புறம் எம்ஆர்டியில் ஒருநாள் கவனித்தேன்: மாரத்தான் முடித்தவர்களுக்குக் கொடுக்கும் ஃபினிஷர் டீ, சாயம் வெளுத்துப்போனது, அதை ஒருவர் பெருமையாகப் போட்டிருந்தார். அதுவும் கடையில் வாங்கியதல்ல. ஆனால் 42 கிலோமீட்டர் ஓடி வாங்கியது. பார்க்ரனிலும் 50 முறை, 100 முறை முடித்தவர்களுக்கென்று தனி டீ-ஷர்ட் உண்டு, வாராவாரம் வருபவர்கள் அந்த எண்ணை நோக்கியே வருகிறார்கள்.

எங்களிடம் 25 சனிக்கிழமை வந்தவருக்கு ஒரு மாம்பழ மஞ்சள் டீ-ஷர்ட். அது விற்பனைக்குக் கிடையாது. எத்தனையோ பேர் காசு கொடுக்கிறேன் என்று கேட்டிருக்கிறார்கள், என் சொந்தத் தங்கையும் கேட்டாள், கொடுக்கவில்லை. கொடுப்பதை ஒரு சடங்காகவே செய்கிறோம்: ஏற்கெனவே மஞ்சள் வாங்கியவர்தான் புதிதாக வாங்குபவருக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். முதல் மஞ்சள் டீ-ஷர்ட்டை வாங்கிய அக்காவுக்கு 58 வயது, பள்ளியில்கூட விளையாட்டில் பரிசு வாங்கியதில்லை என்று சொல்லி அழுதுவிட்டார். அன்று காப்பிக்கடையில் யாரும் சீக்கிரம் கிளம்பவில்லை.

வருடத்துக்கு ஒரு பெரிய நிகழ்ச்சி

வாராந்திர நடை ஒரு வருடமாவது ஓடிய பிறகு இதற்கு வாருங்கள், முன்னால் வேண்டாம். பெரிய நிகழ்ச்சியை யோசிக்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி: நம் துணி செய்யும் வேலை எல்லார் கண்முன்னும் தானாகத் தெரியுமா?

1954 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டி, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், நல்ல மழை. மேற்கு ஜெர்மனி அணியோடு அடிடாஸின் அடி டாஸ்லர் இருந்தார். அவருடைய ஷூவில் அடிக்கட்டைகளைத் திருகிக் கழற்றி மாற்றலாம், சேற்றுக்கு நீளமானதைப் போட்டார்கள். பலம் வாய்ந்த ஹங்கேரியை 3-2 என்று வென்றார்கள். வெற்றிக்கு ஷூ மட்டுமே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் மழையும் சேறும் அந்த ஷூவின் பயனை எல்லாருக்கும் காட்டிவிட்டன. 2017 மே மாதம் நைக்கி இத்தாலியின் மோன்சா கார் பந்தயத் தடத்தில் மூன்று வீரர்களை வைத்து மாரத்தானை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க முயன்றது. எலியுட் கிப்சோகே 2 மணி 25 விநாடியில் முடித்தார். இலக்கு 25 விநாடியில் தவறியது, அப்படியும் அந்தக் காலை நேரத்தை ஓட்டக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். முடியுமா முடியாதா என்று தெரியாத ஒன்றை நேரலையில் எல்லார் முன்னாலும் முயன்றதால்தான்.

நம்மிடம் பந்தயத் தடம் கிடையாது. எங்களிடம் இருந்தது பொங்கலும் செம்பும்.

செம்பு ரிலே என்று பெயர் வைத்தோம். ஓர் அணியில் மூன்று தலைமுறை: பாட்டி, அம்மா, பிள்ளை. பாட்டி ஊரில் இருந்தால் பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கூட்டி வரலாம், தாத்தாவும் வரலாம். குச்சிக்குப் பதில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய பித்தளைச் செம்பு. ஒவ்வொருவரும் கூரை போட்ட கூடைப்பந்துத் தளத்தில் ஒரு சுற்றுப் போய் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும், கடைசியில் மிச்சமிருக்கும் தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்ப்போம். அதிகம் மிச்சம் வைத்தவர்கள் ஜெயித்தார்கள். வேகமாக ஓடும் பிள்ளைகள் சிந்திவிடுவார்கள், கோயில் குளத்திலிருந்து குடம் தூக்கிப் பழகிய பாட்டிமார் ஒரு சொட்டுச் சிந்தாமல் வருவார்கள். முதல் வருடம் நேர வரம்பு வைக்கவில்லை, ஒரு பாட்டி தன் சுற்றை முடிக்கப் பதினொரு நிமிடம் எடுத்துக்கொண்டார், அந்தப் பதினொரு நிமிடமும் மொத்தக் கூட்டமும் கைதட்டிக்கொண்டே நின்றது. அடுத்த வருடத்திலிருந்து ஓர் அணிக்கு ஆறு நிமிடம் என்று வைத்தோம், பாட்டிக்கு மட்டும் அரைச் சுற்று.

சிந்திய தண்ணீரெல்லாம் எங்கே விழுந்தது? டீ-ஷர்ட்டில். நனைந்த துணி பரிசு கொடுப்பதற்குள் காய்ந்திருந்தது, நாங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தொட்டுப் பார்த்துவிட்டு அவர்களே கேட்டார்கள்.

செலவைச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் இங்கேதான் பயப்படுகிறார்கள். தள வாடகை, தேக்காவில் வாங்கிய பன்னிரண்டு செம்பு, அளவுக் குவளைகள், தண்ணீர், எலுமிச்சைச் சாதம், சர்க்கரைப் பொங்கல், ஒரு நாள் காப்புறுதி, எல்லாம் சேர்த்து 900 வெள்ளிக்குள். செம்புகள் அடுத்த வருடமும் உதவின. அறுபது பேர் வந்தார்கள். இலவச டீ-ஷர்ட்டுக்குப் போன மூவாயிரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஜனவரியில் மழை எப்போது வருமென்று சொல்ல முடியாது, அதனால் கூரை இல்லாத இடத்தை எடுக்காதீர்கள்.

உங்கள் நிகழ்ச்சி செம்பாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் கூட்டத்தில் மெதுவாக இருப்பவர், வயதானவர், புதியவர் ஜெயிக்கக்கூடிய ஒரு விதியை உள்ளே வையுங்கள். அவர்கள் ஜெயித்தால் குடும்பமே பேசும்.

உங்களுக்காகப் பேசுபவர்கள்

பிரபலங்களைத் தேடி ஓடாதீர்கள். ஜிம்ஷார்க் 2012-ல் பிரிட்டனில் தொடங்கியபோது, அதை நடத்திய இளைஞர்கள் தாங்களே ரசித்துப் பார்த்த யூடியூப் உடற்பயிற்சிக்காரர்களுக்குத் துணி அனுப்பினார்கள். அவர்கள் அப்போது பெரிய நட்சத்திரங்கள் இல்லை, பார்ப்பவர்களுக்கு நண்பர்கள் மாதிரி இருந்தவர்கள். லுலுலெமனும் அந்தந்த ஊர் யோகா ஆசிரியர்களைத்தான் பிடித்தது. நம் ஊரில் அது தொடக்கக் கல்லூரி உடற்கல்வி ஆசிரியராக இருக்கலாம், சிலம்ப ஆசானாக இருக்கலாம், புளோக்கின் கீழே தினமும் பிள்ளைகளைக் கூட்டிவைத்து விளையாட வைக்கும் மாமாவாக இருக்கலாம். துணி கொடுத்தாலோ காசு கொடுத்தாலோ பதிவில் அதை வெளிப்படையாகச் சொல்லச் சொல்லுங்கள், இங்குள்ள விளம்பரத் தர நெறிமுறை அப்படித்தான் சொல்கிறது, படிப்பவர்களுக்கும் அதுதான் மரியாதை.

நம் வீரர்களின் கதைகளைக் கூட்டத்தில் பேசுங்கள், தாராளமாக. சி. குணாளன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார், அந்தத் தேசியச் சாதனையை 2001-ல்தான் யு.கே. ஷியாம் ஒரே ஒரு நூறில் ஒரு பங்கு விநாடியில் முறியடித்தார், 33 வருடம் நின்ற சாதனை. சாந்தி பெரேரா 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 200 மீட்டரில் தங்கம் வாங்கியபோது எங்கள் வாட்ஸ்அப் குழு அன்று முழுக்கத் தூங்கவில்லை. ஆனால் அவர்கள் பெயரையோ படத்தையோ அனுமதியில்லாமல் உங்கள் டீ-ஷர்ட் விளம்பரத்தில் போடாதீர்கள். ஒலிம்பிக் வளையங்களையும் தொடாதீர்கள், அதற்குப் பாதுகாப்பு உண்டு.

தமிழ் எழுத்து அச்சடிக்கிறவர்களுக்கு மட்டும்

ஒரு தடவை முதுகில் "வேகம்" என்று அச்சடிக்கக் கொடுத்தோம். வெளிநாட்டு அச்சகத்தில் எங்கள் எழுத்துரு இல்லாததால் கொம்பு இடம் மாறி 120 டீ-ஷர்ட்டும் தப்பாக வந்தது. ஆர்டர் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் அன்று இரவே படத்தோடு நடந்ததைச் சொல்லி, பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றோம். பெரும்பாலானவர்கள் காத்திருக்கிறோம் என்றார்கள். அதிலிருந்து கற்றது இரண்டு: எழுத்தை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத வரைகோடாக) மாற்றிய பிடிஎஃப் மட்டும் அனுப்புங்கள், மொத்தமாக அடிக்கும் முன் ஒரு மாதிரியைக் கையில் வாங்கிப் பாருங்கள், படத்தில் பார்த்தால் போதாது. தப்பு நடந்தால் முதலில் சொல்பவர் நீங்களாக இருங்கள், வேறொருவர் கண்டுபிடித்துச் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள்.

எதை எண்ணுவது

லைக்குகளை நான் எண்ணுவதில்லை. மாதக் கடைசியில் நோட்டைத் திறந்து மூன்று கேள்வி கேட்பேன். மூன்று வாரத்துக்கு மேல் வந்தவர்கள் எத்தனை பேர்? இன்னொருவரைக் கூட்டிவந்தவர்கள் எத்தனை பேர்? இரண்டாவது முறை வாங்கியவர்கள் எத்தனை பேர்? முதல் எண் இறங்கினால் விற்பனை ஏறியிருந்தாலும் எனக்குக் கவலை வரும், சில மாதம் கழித்து மற்ற இரண்டும் இறங்கும். அப்படி ஒருமுறை இறங்கியபோது விசாரித்தேன். வேகமாக ஓடும் சிலர் சேர்ந்ததும் கிளம்பும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளியிருந்தோம், பிள்ளைகளுக்குப் பசியாற ஏதாவது செய்துவைத்துவிட்டு வருகிறவர்களால் முடியவில்லை. நேரத்தைப் பழையபடி மாற்றினோம், திரும்ப வந்தார்கள்.

ஒரு வருடம் கழித்துப் பொறுப்புகளைக் கொடுக்கத் தொடங்குங்கள். யார் முன்னால் போவது, யார் வானிலை பார்ப்பது, யார் புதியவர்களை வரவேற்பது, எல்லாவற்றையும் வருபவர்களே எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு விட மனமில்லாமல் ரொம்ப நாள் நானே பிடித்துக்கொண்டிருந்தேன். போன வருடம் தம்பி கல்யாணத்துக்காக நானும் நாத்தனாரும் மூன்று வாரம் தஞ்சாவூர் போக வேண்டியிருந்தது, வேறு வழியில்லாமல் சாவியையும் முதலுதவிப் பெட்டியையும் கொடுத்துவிட்டுப் போனோம். முதல் சனிக்கிழமை அங்கே விடிவதற்கு முன்பே எழுந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். காப்பிக்கடை மேசையின் படம் வந்தது, முப்பத்தொரு பேர். கடைசி ஆளுக்குப் பின்னால் யார் போனது என்று எழுதிக் கேட்டேன். முதல் மஞ்சள் டீ-ஷர்ட் வாங்கிய அந்த 58 வயது அக்கா, இப்போது அவருக்கு 62, "நான்தான் போனேன், பயப்படாதே" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார். பின்னணியில் யாரோ இன்னொரு தே ஓ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.